மொட்டை மாடியில் மாட்டுக்கண்டம் காயட்டும்

"இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறாங்க?" என்று கேட்கும் நண்பர் உங்களுக்கும் இருப்பார். அவரைச் சித்திரை வெயிலில் திருவெறும்பூர்ப் பக்கம் அழைத்து வாருங்கள். காட்டூரிலோ துவாக்குடியிலோ ஏதாவது ஒரு தெருவின் மொட்டை மாடிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாடியில் வெங்காய வடகம் காயும். அடுத்ததில் மோர் மிளகாய். இன்னொன்றில் சாக்கை விரித்து நெத்திலி காயப் போட்டிருப்பார்கள். எங்காவது ஒரு மாடியில் பழைய வேட்டியைப் போர்த்திய கொடியில் ஆட்டுக்கறி உப்புக்கண்டம்கூடத் தொங்கலாம். மாட்டுக்கறிக் கண்டத்தைத் தேடச் சொல்லுங்கள். வாடகை வீட்டு மாடியில் அது கண்ணில் படுவது அபூர்வம்.

எல்லாவற்றுக்கும் ஒரே வெயில், ஒரே கல்லுப்பு. செய்முறையும் ஒன்றுதான்: ஈரத்தை வற்றவைத்து, உப்பால் காத்து, மழைக்காலத்துக்கு எடுத்து வைப்பது. ஆனால் வடகத்துக்குப் பாராட்டு, கருவாட்டுக்கு முணுமுணுப்பு, ஆட்டுக்கண்டத்துக்கு "எங்களுக்கும் ரெண்டு துண்டு குடுங்க" என்ற உரிமைக் கோரிக்கை, மாட்டுக்கண்டத்துக்கு மட்டும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு. அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்றார். அந்தப் படிகள் நம் மொட்டை மாடி வரைக்கும் ஏறி வந்திருக்கின்றன.

மாட்டுக்கறி உரிமை பற்றி நாம் பேசியதெல்லாம் பெரும்பாலும் தட்டைப் பற்றித்தான். தட்டில் இருப்பதைத் தின்னும் உரிமை, கடையில் விற்கும் உரிமை, விழாவில் பரிமாறும் உரிமை. இவையெல்லாம் தேவையான சண்டைகள். ஆனால் கறியைக் காயப்போடும் கொடியைப் பற்றி நாம் பேசவே இல்லை. அங்கேதான் சாதி இன்னும் பத்திரமாக இருக்கிறது.

ஒளித்துச் செய்ய முடியாத உணவு

கண்டம் போடுவது எப்படி என்று தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். தொடைக்கறியை எலும்பும் கொழுப்பும் நீக்கி வாங்க வேண்டும். கொழுப்பு இருந்தால் நாளாக ஆகச் சிக்குவாடை அடிக்கும். நரம்போட்டத்தின் வாக்கில் விரல் தடிமனுக்கு நீள நீளமாக வார்ந்துகொள்ள வேண்டும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, கறி தண்ணீர் விடும் வரை ஊறவைக்க வேண்டும். சிலர் மிளகாய்த்தூள் சேர்ப்பார்கள், சிலர் பூண்டைத் தட்டிப் போடுவார்கள். பிறகு கோணி ஊசியால் நூலில் கோத்தோ, நேராகக் கொடியில் போட்டோ வெயிலில் காயவிட வேண்டும். காக்கை கொத்தாமல் இருக்கத் துணியோ வலையோ மேலே போட வேண்டும். பொழுது சாய்ந்ததும் பனி படாமல் உள்ளே எடுத்து, மறுநாள் மறுபடி காயப்போட வேண்டும். நல்ல வெயிலென்றால் 3 நாள், மந்தமென்றால் 5 நாள். ஒரு கிலோ கறி 300, 400 கிராமாகச் சுண்டி, ஒன்றோடொன்று தட்டினால் கட்டை போலச் சத்தம் கேட்டால் கண்டம் தயார்.

உப்பு கறியின் ஈரத்தை வெளியே இழுக்கிறது. மிச்ச ஈரத்தை வெயில் எடுத்துக்கொள்கிறது. ஈரம் இல்லாத இடத்தில் கறியைக் கெடுக்கும் கிருமிகள் பெருக முடியாது. இவ்வளவுதான் இதன் அறிவியல். குளிர்பெட்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உழைக்கும் மக்கள் கண்டுபிடித்த அறிவியல் இது. மண்பானையிலோ தகர டப்பாவிலோ போட்டு, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை வரை தாங்கும். வேலை இல்லாத அடைமழை நாளில் இரண்டு துண்டைத் தணலில் சுட்டு, அம்மியில் வைத்துத் தட்டி நாராக்கி, சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் புரட்டினால் ஒரு சட்டி கஞ்சிக்குப் போதும். மொச்சைக் குழம்பில் நாலு துண்டு போட்டால் தெருவே மணக்கும்.

இந்தச் செய்முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரியாணியைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றுவிடலாம். கருப்புப் பாலித்தீன் பையில் கறியை வாங்கி வந்து, குக்கரில் வைத்து, சன்னலை மூடிச் சமைத்துவிடலாம். கண்டத்தை அப்படிச் செய்ய முடியாது. அதற்கு வானம் வேண்டும். 3 நாள், 5 நாள், ஊர் பார்க்கத் தொங்கியாக வேண்டும். மறைத்துவைத்துப் பழகிய ஒரு சமூகத்தின் உணவுகளில் மறைக்கவே முடியாத உணவு இது. அதனால்தான் நகரத்துக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் செத்துப்போனது கண்டம். சுவை மறந்துபோய் யாரும் விடவில்லை. தொங்கவிட இடம் இல்லாமல் விட்டோம்.

வாடகை வீட்டின் நேர்காணல்

1960களில் இந்தப் பகுதியின் முகமே மாறியது. பெல் தொழிற்சாலை வந்தது, படைக்கலத் தொழிற்சாலை வந்தது, துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி வந்தது. ஊரில் சேரி என்று ஒதுக்கப்பட்டிருந்த குடும்பங்களிலிருந்து இட ஒதுக்கீட்டின் வழியாக நிரந்தர வேலைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் பதவிப்படிக்கும் பணிமூப்புக்கும் ஏற்பக் கிடைத்தது. அங்கே சாதியே இல்லை என்று யாரும் கதை விட வேண்டாம். ஆனால் "நீ மாட்டுக்கறி தின்பாயா?" என்று கேட்டுவிட்டுச் சாவி கொடுக்கும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை.

இன்று அந்தப் பேரப் பிள்ளைகளின் நிலை வேறு. நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்த வேலை பெருகிவிட்டது. பெல்லை நம்பியிருந்த சிறு பட்டறைகள் ஆர்டர் இல்லாமல் தள்ளாடிய காலமும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் குவார்ட்டர்ஸ் எங்கே? தனியாரிடம் வாடகைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு நேர்காணல் நடக்கிறது.

"தம்பி எந்த ஊரு?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "அப்பா பேரு என்ன?" "கவுச்சி செய்வீங்களா? வாரத்துல எத்தன நாளு?" சாதி என்ற சொல் ஒருமுறைகூட வராது. கேட்பவருக்கும் வெட்கம் இல்லை, பதில் சொல்பவருக்குத்தான் வேர்க்கும். மாவட்டத்தின் பெயரில் ஆரம்பித்துத் தெருவின் பெயரில் முடியும் இந்த விசாரணை, பத்து நிமிடத்தில் ஒருவரின் சாதியைக் கண்டுபிடித்துவிடும். அதற்கும் அகப்படாமல் உள்ளே வந்தவர்களைக் கண்டுபிடிக்கத்தான் சமையலறை வாசமும் மாடிக் கொடியும்.

ஸ்ரீரங்கத்தில் இந்த நேர்காணல்கூடத் தேவைப்படாத தெருக்கள் உண்டு. கோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை நிற்கிறது. 2006இல் அதை உடைத்தார்கள், நாம் மறுபடி நிறுவினோம். அது பெருமைதான். ஆனால் அந்தச் சிலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு தலித் குடும்பம் தன் அடையாளத்தைச் சொல்லி வாடகைக்கு வீடு கேட்டுப் பார்க்கட்டும். "சைவம் மட்டும்" என்ற இரண்டு சொல் அவர்களைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். அப்படியென்றால் இத்தனை "சைவம் மட்டும்" பலகைகள் யாருக்காக? பலகை மாட்டுகிறவர்களில் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். "சைவம்" என்பது அங்கே உணவின் பெயர் கிடையாது. சட்டத்தில் மாட்டாமல் "உங்க ஆளுங்களுக்கு வீடு இல்ல" என்று சொல்வதற்கான நாகரிகச் சொல்.

"நாறுது" என்கிற வாதம்

உடனே ஒருவர் வருவார்: "சாதியெல்லாம் இல்லைங்க, நாத்தம் தாங்கல." சரி, பேசுவோம். முதல் நாள் பச்சைக்கறியின் வாடை இருக்கும், மறுக்கவில்லை. உப்பேறிக் காய்ந்த பிறகு கண்டத்துக்கு இருக்கும் வாடை கருவாட்டு வாடையில் பாதி வராது. கருவாடு சந்தையில் குவித்து விற்கப்படுகிறது, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோகப்படுகிறது. அதற்காக யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதில்லை. ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் காயும்போது உள்ள வாடை வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு மூக்கால் மட்டும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்பவர் முன்னே வரட்டும். வாடையை மூக்கு சொல்லலாம், எந்த வாடை அருவருப்பானது என்பதைச் சாதிதான் சொல்லிக் கொடுக்கிறது.

அடுத்தவர் வருவார்: "அவர் சொந்த வீடு, அவர் இஷ்டம்." ஓட்டலும் ஒருவரின் சொந்தச் சொத்துதான். கடையும் சொந்தச் சொத்துதான். அங்கே சாதி, மதத்தைக் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு சொல்கிறது. தீண்டாமை எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது 17ஆம் பிரிவு. வாடகை வாங்குவது வியாபாரம். வியாபாரத்துக்கு வந்தபின் இரட்டைக் குவளையை மாடிக்கு ஏற்றி வைக்க முடியாது. சுவருக்கும் கூரைக்கும்தான் வாடகை கொடுக்கிறோம். நம் வயிற்றை யாருக்கும் அடமானம் வைக்கவில்லை.

அம்பேத்கரே விடச் சொன்னாரே?

இது நம் வீட்டுக்குள்ளிருந்து வரும் கேள்வி. அதனால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் கறியை உண்பதை விட்டுவிடுங்கள் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டது உண்மை. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில் மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்தார். பசுவைக் கொன்று வேள்வி செய்தவர்களே பிற்காலத்தில் பசுவைப் புனிதமாக்கினார்கள், அந்த மாற்றத்துக்குப் பிறகும் மாட்டுக்கறி உண்டவர்கள் தீண்டப்படாதவர்களாக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம்.

மகாடில் அவர் எதிர்த்தது எதை? ஊரில் மாடு செத்தால் சேரிக்காரர் வந்து இழுத்துப் போக வேண்டும், அதுவே கூலி, அதுவே சாப்பாடு என்ற கட்டாயத்தை. கண்டத்தின் வரலாற்றிலும் அந்தக் கட்டாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஒரு மாடு விழுந்தால் ஒரே நாளில் அவ்வளவு கறியும் வந்து சேரும். அடுத்து எப்போது என்று தெரியாது. உப்பும் வெயிலும்தான் அந்தப் பசியைப் பல மாதங்களுக்குத் தள்ளிப் போட்டன. மராத்திய எழுத்தாளர் சாகு பாட்டோளே 2015இல் வெளியிட்ட 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' நூல், மராத்வாடாவின் மகர், மாங் மக்களின் சமையலைப் பதிவு செய்கிறது. அங்கே இதே காய்ந்த மாட்டுக்கறிக்குச் 'சான்யா' என்று பெயர். மொழி வேறு, கொடி ஒன்றுதான்.

இன்று கசாப்புக் கடையில் காசு கொடுத்து வாங்கும் கறி யாரும் எறிந்த கறி இல்லை. திணிக்கப்பட்டதை மறுப்பது அன்றைய சுயமரியாதை. விரும்பியதைத் தலைநிமிர்ந்து உண்பது இன்றைய சுயமரியாதை. தின்னாமல் இருக்க முடிவு செய்யும் தலித் தோழருக்கும் அதே மரியாதை உண்டு. முடிவெடுக்கும் உரிமை ஊருக்கோ வீட்டுக்காரருக்கோ இல்லை என்பதுதான் நம் வாதம்.

பாரம்பரியம் யாருடையது?

வேடிக்கை என்னவென்றால், உப்புக்கண்டத்துக்கு இன்று நல்ல காலம். "பாட்டி கைப்பக்குவம்" என்று அழகான பொட்டலத்தில் ஆட்டுக்கறிக் கண்டம் விற்கிறது. சமையல் காணொளிகளில் அதைச் செட்டிநாட்டுச் சொத்தாகக் கொண்டாடுகிறார்கள். ஆட்டுக்கண்டம் மேல் நமக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டுக்கறி விலையில் பாதிகூட ஆகாத மாட்டுக்கறியில்தான் ஏழை வீடுகளில் இந்தக் கலை பிழைத்துக் கிடந்தது. அந்தப் பாட்டிகளின் பெயர் எந்தப் பொட்டலத்திலும் இல்லை.

உலகத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கடைகளில் விற்கும் 'ஜெர்க்கி'யின் பெயரே ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழிச் சொல்லான 'சார்க்கி'யிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவில் அது 'பில்டாங்', நேபாளத்தில் 'சுகுட்டி', பக்கத்துக் கேரளத்தில் 'இடியிறச்சி'. நம் சங்கப் பாட்டிலும் 'வாடூன்' என்ற சொல் இருக்கிறது. வாடிய ஊன், அதாவது காய்ந்த கறி. வெளிநாட்டு ஜெர்க்கியை "புரோட்டீன் ஸ்நாக்ஸ்" என்று மெல்லும் அதே ஐ.டி. நண்பர், சேரியில் தொங்கும் கண்டத்தைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார். பொருள் ஒன்று, பொட்டலம்தான் வேறு.

அரசும் அடுப்படியும்

தமிழ்நாட்டில் மாட்டுக்கறி உண்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் அறுப்பதற்குத்தான் கட்டுப்பாடு வைக்கிறது. 2017 மே மாதம் ஒன்றிய அரசு சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்க விதி கொண்டுவந்தபோது, முதலில் இடைக்காலத் தடை விதித்தது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அந்தத் தடையை ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் விரித்தது.

ஆனாலும் 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். இதை ஏன் பாகுபாடாகக் கருதக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. 2025 சனவரியில் கோவை உடையாம்பாளையத்தில் தள்ளுவண்டியில் மாட்டுக்கறி பிரியாணி விற்ற தம்பதியைப் பாரதிய ஜனதா நிர்வாகி ஒருவர் மிரட்டினார். காணொளி பரவிய பிறகு வழக்குப் பதிவானது.

இங்கே மிரட்டலோடு நிற்கிறது என்று நிம்மதி அடைய முடியாது. 2015 செப்டம்பர் 28 அன்று உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே முகமது அக்லாக் வீட்டில் மாட்டுக்கறி வைத்திருக்கிறார் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். அதன் பிறகு கறியின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி அது என்ன கறி என்று பரிசோதித்தார்கள். வீட்டில் சேமித்து வைத்த உணவு கொலைக்குக் காரணமாகச் சொல்லப்படும் நாடு இது. "மாடியில கறி காயுதாமே" என்று ஆரம்பிக்கும் வம்பு எங்கே போய் முடியும் என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி இருக்கிறது.

என்ன கேட்கிறோம்?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும், பதிவு செய்ய வேண்டும், முன்பணம் எவ்வளவு, எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்றெல்லாம் அதில் உண்டு. சாதிக்காகவோ, மதத்துக்காகவோ, உணவுக்காகவோ வீடு மறுக்கக்கூடாது என்று ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சேர்க்க வேண்டும். இதற்கு ஒன்றிய அரசைக் கெஞ்ச வேண்டியதில்லை, சட்டம் நம் சட்டமன்றம் போட்டது. 100 வீட்டில் 40 வீட்டைத் தலித்துகளுக்கு ஒதுக்கிச் சமத்துவபுரம் கட்டிய மாநிலம் இது. சாதி வீட்டுமனையில்தான் குடியிருக்கிறது என்பது இந்த அரசுக்குத் தெரியாத செய்தி இல்லை. கிராமத்தில் தெரிந்தது நகரத்து வாடகை வீட்டில் மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் உங்களில் பலர் வாடகை அறையில் இருப்பீர்கள். சிலரின் பெற்றோர் வீட்டை வாடகைக்கு விடுபவர்களாகவும் இருப்பார்கள். அவர்களிடம்தான் முதல் வேலை. "யாருக்கு வீடு குடுத்தீங்க, யாருக்கு இல்லன்னீங்க?" என்று சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் கேளுங்கள். கேரளத்துக்குப் போய்ப் பரோட்டாவும் மாட்டுக்கறியும் தின்று படம் போடுவதைவிட இது கஷ்டமான புரட்சி. படத்துக்கு விருப்பக்குறி விழும், இந்தக் கேள்விக்கு வீட்டில் திட்டு விழும். சாதி குறைந்தால் இங்கேதான் குறையும்.

ஆண் தோழர்களுக்கு இன்னொன்று. கண்டத்தைப் பற்றி உருகி எழுதுகிறோம். கறியை வார்ந்தது, மாடிக்குச் சுமந்தது, காக்கை ஓட்டியது, பொழுது சாயும் முன் ஓடிப்போய் எடுத்தது, "என்ன காயப்போட்டிருக்கீங்க?" என்ற கேள்விக்குப் பயந்து பொய் சொன்னது எல்லாம் அம்மாக்கள். பண்பாட்டை மீட்கிறோம் என்று சொல்லி மறுபடி அதே முதுகில் ஏற்ற வேண்டாம். கத்தியையும் கோணி ஊசியையும் நாம் எடுப்போம். வீட்டுக்காரர் கேட்டால் வாசலுக்கு வந்து பதிலையும் நாமே சொல்வோம்.

"என்ன காயுது?" என்று கேட்டால் சொல்லுங்கள்: "மாட்டுக்கண்டம்ங்க. காஞ்சதும் ரெண்டு துண்டு தரேன், தின்னு பாருங்க."